நோன்பு லீவில் டீச்சர் எப்போது தூங்குவார்?

முதலில் ஊர்ப்பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறோம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற எங்களிடம் யாராவது "ஊர் எது?" என்று கேட்டால் "கரைத்தீவு" என்போம். உடனே, "அட, பக்கத்திலதானே! பின்னேரம் வீட்ட போய் வரலாமே" என்பார்கள். அவர்கள் நினைப்பது விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு. எங்களுடையது நாட்டின் மறுகரையில், புத்தளம் மாவட்டத்தில், வண்ணாத்திவில்லுப் பக்கம் இருக்கிற கரைத்தீவு. இரண்டு எழுத்து வித்தியாசத்துக்கு ஒரு பகல் முழுக்க பஸ் மாறி மாறிப் போக வேண்டும். 2018, 2019இல் கொழும்புக் குப்பையை அருவக்காட்டில் கொட்டும் திட்டத்துக்கு எதிராகப் புத்தளம் கிளர்ந்தபோதுதான் எங்கள் பக்கத்துப் பெயர்கள் கொஞ்சம் செய்தியில் அடிபட்டன. மற்றபடி நாங்கள் யாருக்கும் தெரியாத ஊர்க்காரர்கள்.

இந்தக் கட்டுரை குப்பையைப் பற்றியது அல்ல. எங்கள் ஊர் டீச்சர்மாரும் சேர்மாரும் லீவில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றியது. அதை எழுதும் யோக்கியதை எங்களுக்கு இருக்கிறதா என்றால், முழுசாக இல்லை. அவர்களுடைய லீவைத் தின்றவர்களில் நாங்களும் அடக்கம். அதிலிருந்தே ஆரம்பிக்கிறோம்.

2025 மார்ச். நோன்பு தொடங்கி இரண்டோ மூன்றோ நாள். நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் கலைப்பீடம், செமஸ்டர் லீவில் ஊருக்கு வந்திருந்தோம். சும்மா இருக்காமல் ஏதாவது செய்வோம் என்று யோசித்தால் ஊரில் எல்லாருக்கும் முதலில் வருகிற யோசனை ஒன்றுதான்: இலவச செமினார். க.பொ.த சாதாரண தரப் பரீட்சை அந்த வருஷம் மார்ச் 17இல் தொடங்கி 26 வரை, அதாவது நோன்புக்குள்ளேயே. பரீட்சைக்கு இரண்டு வாரமும் இல்லை. ஊரில் கணிதம் என்றால் ஒரே ஒரு டீச்சர்தான் பிள்ளைகளுக்கு நம்பிக்கை. எங்கள் எல்லாருக்கும் படிப்பித்தவர். நாங்கள் கணிதத்தில் எடுத்த சி-களும் எஸ்-களும் அவருடைய குற்றமல்ல.

அஸருக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனோம். டீச்சர் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கதிரைக்குப் பக்கத்தில் ஒரு கட்டுப் பேப்பர், தவணைப் பரீட்சை விடைத்தாள்கள், பாதி திருத்தியபடி. விஷயத்தைச் சொன்னோம். அவர் ஒரு நிமிஷம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வழக்கம்போல, "சரி மகன், காலையில ஒன்பது மணிக்கு வெக்கலாம்" என்றார். நாங்கள் எழும்பப் போனோம். அப்போது கதவுச் சேலைக்குப் பின்னால் நின்ற அவருடைய மகள், பத்து வயது இருக்கும், எங்களைப் பார்த்துச் சொன்னாள்: "உம்மாக்கு நோன்புல தூங்கவே ஏலாது."

முறைப்பாடு மாதிரிக்கூட இல்லை. மழை பெய்யுது என்று சொல்வது மாதிரிச் சொன்னாள். டீச்சர் சிரித்துச் சமாளித்தார், மகளை உள்ளே போகச் சொன்னார். நாங்களும் சிரித்தோம். வெளியே வந்து பைசிக்கிளை எடுக்கும்போது யாரும் யாரிடமும் பேசவில்லை.

இணையத்தில் "ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் புத்துணர்ச்சி பெறுவது எப்படி" என்று தேடினால் கட்டுரைகள் கொட்டும். நன்றாகத் தூங்குங்கள், பயணம் போங்கள், புது மொழி கற்றுக்கொள்ளுங்கள், நன்றிக் குறிப்பேடு எழுதுங்கள். அன்று இரவு தராவீஹ் முடிந்து பள்ளிவாசல் மதிலில் உட்கார்ந்து அப்படி நாலைந்து வாசித்தோம். எழுதியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஆலோசனைகளை எல்லாம் எங்கள் டீச்சரின் ஒரு நாளுக்குள் எந்த மணித்தியாலத்தில் வைப்பது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை.

முதல் சிக்கல், எங்களுக்கு கோடை லீவு என்று ஒன்றே கிடையாது. வெயில் வருஷம் முழுக்க இருக்கிறது, அது வேறு கதை. இலங்கையில் மூன்று தவணை. தமிழ், சிங்களப் பாடசாலைகளுக்கு ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் என்று லீவுகள் வரும். முஸ்லிம் பாடசாலைகளுக்கு வேறு நாட்காட்டி. நோன்பு மாதம் முழுக்க லீவு, அதற்கு ஈடாக மற்ற லீவுகள் குறுகும். பிறை ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் சின்னது. அதனால் நோன்பு லீவு வருஷா வருஷம் பின்னால் நகர்ந்துகொண்டே போகும். 2013இல் ஜூலை, ஓகஸ்டில் வந்த நோன்பு 2025இல் மார்ச்சில் வந்தது. ஏறக்குறைய 33 வருஷத்தில் ஒரு சுற்று. இருபத்தைந்து வயதில் நியமனம் பெற்று அறுபதில் ஓய்வுபெறுகிற ஒரு டீச்சர், தன் நீண்ட லீவு நாட்காட்டியின் எல்லா மாதங்களையும் ஒருமுறை தொட்டு வருவதைப் பார்த்துவிடுவார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எந்த மாதத்தில் வந்தாலும் அந்த லீவு நோன்போடுதான் வரும்.

நோன்பு லீவு ஏன் கொடுக்கிறார்கள்? வணக்கத்துக்கு. நோன்பு பிடித்துக்கொண்டு வெயிலில் வந்து படிப்பிக்கவும் படிக்கவும் கஷ்டம் என்பதற்கு. நியாயமான ஏற்பாடுதான், அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் காலப்போக்கில் அதை எல்லாரும் "ஓய்வு" என்று எண்ணத் தொடங்கிவிட்டோம். ஒரு மாசம் சும்மா இருக்கிறார்களே என்கிறோம். அந்த மாசத்தில் ஒரு பெண் ஆசிரியையின் நாளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள்.

சஹருக்கு எல்லாருக்கும் முதல் எழும்புவது அவர். மூன்று மணி, மூன்றரை. சோறு, கறி, பிள்ளைகளை எழுப்புவது, மாமிக்கு மருந்து. ஸுபஹுக்குப் பிறகு மற்றவர்கள் மறுபடி படுப்பார்கள். அவர் உடுப்புக் கழுவுவார், ஏனென்றால் வெயில் ஏறுமுன் கழுவிப் போட்டால்தான் உண்டு. ஒன்பது மணிக்கு நாங்கள், செமினார்க்காரர்கள். லுஹருக்குப் பிறகு தவணைப் பேப்பர். அஸருக்கு முந்தியே கஞ்சி அடுப்பில் ஏற வேண்டும், மாப் பிசைய வேண்டும், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பத் தட்டு எடுத்து வைக்க வேண்டும். நோன்பு திறந்த பிறகு கோப்பை கழுவுவது. அதற்குப் பிறகு தராவீஹ். அதற்குப் பிறகு பிள்ளைகளின் குர்ஆன், வாட்ஸப்பில் வந்த தகவல் படிவம். கடைசிப் பத்தில் பெருநாள் உடுப்பும் தையலும் வேறு. பதினொன்று, பன்னிரண்டு. மறுபடி மூன்று மணி.

சமூகவியல் வகுப்பில் ஆர்லி ஹொக்ஷைல்ட் பற்றிப் படித்தோம். 1989இல் அவர் எழுதிய புத்தகம் ஒன்று, சம்பள வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற பெண்களுக்கு அங்கே காத்திருக்கும் வேலையை "இரண்டாம் ஷிஃப்ட்" என்று சொன்னது. அதற்கு ஆறு வருஷம் முன், 1983இல், விமானப் பணிப்பெண்களின் சிரிப்பே ஒரு உழைப்பு என்று எழுதினார். இரண்டையும் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம், பன்னிரண்டு புள்ளிக் கேள்விக்கு. எங்களுக்குப் படிப்பித்த டீச்சருக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கிறது என்று கதவுச் சேலைக்குப் பின்னால் ஒரு சின்னப் பிள்ளை சொல்லும்வரை எங்களுக்குத் தோன்றவேயில்லை. படிப்பு எங்கே போய் உதவுகிறது பாருங்கள்.

முதல் ஷிஃப்ட் முடிந்தால்தானே இரண்டாவது. லீவில் முதல் ஷிஃப்டும் முடிவதில்லை. அந்த 2025 மார்ச்சையே எடுங்கள். பாடசாலை லீவு, ஆனால் பரீட்சை நடக்கிறது. பரீட்சை நடந்தால் மேற்பார்வைக்கு ஆசிரியர்கள் போக வேண்டும். சஹர் சாப்பிட்டு, பஸ் பிடித்து, வேறு ஊர் நிலையத்தில் நின்றபடி பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்து, திரும்பி வந்து கஞ்சி காய்ச்சுவது. பரீட்சை முடிந்தால் விடைத்தாள் திருத்தம், அதற்கும் லீவு நாட்கள்தான். தேர்தல் வந்தால் தேர்தல் கடமை. கொரோனாவுக்குப் பிறகு நாட்டின் பரீட்சை நாட்காட்டியே தலைகீழாகிவிட்டது. வழக்கமாக ஓகஸ்டில் நடந்த உயர்தரப் பரீட்சை, 2021க்கானது 2022 பெப்ரவரியில் நடந்தது; 2022க்கானது 2023இல். எந்த லீவில் எந்தப் பரீட்சை வந்து விழும் என்று யாருக்கும் முன்கூட்டிச் சொல்ல முடியாத வருஷங்கள் அவை. 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டபோதும், ஜூலைக் கடைசியில் வாரத்துக்கு மூன்று நாள் என்று திறந்தபோதும், "டீச்சர்மாருக்கு நல்ல லீவு" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பெற்றோல் வரிசையில் நின்றதும் வரிசையில் நின்றபடியே வாட்ஸப்பில் பயிற்சி அனுப்பியதும் லீவுக் கணக்கில் சேர்ந்துகொண்டது.

சேர்மாரின் கதை கொஞ்சம் வேறு. அவர்களிடமும் கேட்டோம். ஒருவர் லீவில் புத்தளம் டவுனில் டியூஷன் எடுக்கிறார். இன்னொருவர் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். ஹயர் போகும்போது தெரிந்த பிள்ளைகளின் பெற்றோர் ஏறினால் காசு வாங்கக் கூச்சமாக இருக்கிறது என்று சிரித்தார். சம்பளம் போதாது என்பதை இந்த நாட்டில் யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 1997இலிருந்து தொடர்கிற சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி 2021 ஜூலை 12இல் ஆசிரியர்கள் ஒன்லைன் படிப்பித்தலிலிருந்து விலகினார்கள். ஒக்டோபர் வரை அந்தப் போராட்டம் நீண்டது. அதன் பிறகு சம்பளத்தில் ஒரு பகுதி கூடியது, அடுத்த சில மாதங்களில் விலைவாசி அதைச் சாப்பிட்டுவிட்டது. எனவே "லீவில் ஓய்வெடுங்கள் சேர்" என்று நாங்கள் சொன்னால், வாங்குகிற சம்பளத்தில் ஓய்வு எடுக்க முடிந்த ஆளிடம் போய்ச் சொல்லுங்கள் என்று அவர் சொல்லலாம். மரியாதைக்காரர், சொல்லவில்லை.

வெளியூரிலிருந்து முதல் நியமனத்தில் வருகிற இளம் ஆசிரியர்கள் இன்னொரு வகை. எங்கள் மாதிரி ஊர்கள் "கஷ்டப் பிரதேசம்", "அதிகஷ்டப் பிரதேசம்" என்ற பட்டியல்களில் வருகிற வகை. (கஷ்டம் யாருக்கு என்று நாங்கள் சின்ன வயதில் கேட்டதுண்டு. ஊரிலேயே இருக்கிறவர்களுக்கு அது கணக்கில் இல்லை போல.) கிழக்கிலிருந்து வந்த ஒரு டீச்சர் சொன்னார்: லீவு விட்ட அன்று பின்னேரம் வெளிக்கிட்டால் அடுத்த நாள் வீட்டில். வீட்டில் முதல் இரண்டு நாள் காய்ச்சல் வரும். ஒவ்வொரு தவணையும் அப்படித்தான். தவணை முழுக்க இழுத்துப் பிடித்த உடம்பு, லீவு விட்டதும் கையை விட்டுவிடுகிறது.

1974இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர் என்ற உளவியலாளர் இப்படி எரிந்து தீர்ந்துபோகும் நிலையைப் பற்றி எழுதினார். அதன் பிறகுதான் அந்தச் சொல் ஆய்வுலகில் பரவியது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் அதைச் சேர்த்தது. நோயாக அல்ல, வேலையோடு வருகிற ஒரு நிலைமையாக. அந்த வித்தியாசம் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. நோய் என்றால் டீச்சர் டொக்டரிடம் போக வேண்டும். வேலையோடு வருகிற நிலைமை என்றால் வேலையைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் வாசித்தோம். 1997இல் மினா வெஸ்ட்மன், டோவ் ஈடன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விடுமுறைக்கு முன்னும் பின்னும் ஊழியர்களின் களைப்பை அளந்து பார்த்தார்கள். விடுமுறையில் களைப்பு இறங்குகிறது. வேலைக்குத் திரும்பி மூன்று வாரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. அப்படியென்றால் ஒரு மாச லீவு முழுக்கத் தூங்கினாலும் முதல் தவணைப் பரீட்சைக்கு முந்தியே தீர்ந்துவிடும். எனவே ஓய்வு லீவுக்குள் மட்டும் அடங்குகிற விஷயமில்லை. ஆனால் லீவுக்குள்ளும் இல்லாவிட்டால் வேறெங்கே?

உலகம் முழுக்க இப்படித்தான் என்று யாராவது சொல்வார்கள். பாதி உண்மை. 2018இல் எடுத்த சர்வதேசக் கணக்கெடுப்பு ஒன்றில் ஜப்பானின் கீழ் இடைநிலை ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணித்தியாலம் வேலை செய்வதாகச் சொன்னார்கள். பங்குபற்றிய நாடுகளின் சராசரி 38 சொச்சம். அங்கே கோடை லீவிலும் விளையாட்டுக் கழகம், பயிற்சி என்று ஆசிரியர்கள் பாடசாலையில்தான். மறுபக்கம் இங்கிலாந்தில், ஒரு ஆசிரியரை அதிபர் வருஷத்துக்கு எத்தனை மணித்தியாலம் இன்ன வேலை செய் என்று சொல்லலாம் என்பதற்கு ஒரு எண் இருக்கிறது: 1,265. அதற்கு வெளியேயும் அவர்கள் நிறைய உழைக்கிறார்கள், எண் இருந்தும் களைத்துத்தான் போகிறார்கள். இந்தியாவில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சனத்தொகைக் கணக்கெடுப்பு, அனர்த்த நிவாரணம், தேர்தல் தவிர வேறு வெளிவேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. அதுவும் எவ்வளவு தூரம் நடக்கிறது என்பது வேறு கேள்வி. ஆனால் கோடு என்று ஒன்று எழுதப்பட்டிருந்தால், தாண்டும்போதாவது தாண்டுகிறோம் என்று தெரியும். எங்கள் ஊரில் கோடே இல்லை. இரவு பத்து மணிக்கு டீச்சரின் வாட்ஸப்புக்கு "டீச்சர், நாளைக்கு என்ன கொண்டு வரணும்" என்று குரல்பதிவு அனுப்புகிற உம்மாமாருக்கும், அவரிடம் லீவில் செமினார் கேட்கப் போன எங்களுக்கும், நாங்கள் எதையோ தாண்டினோம் என்ற உணர்வே வராததற்குக் காரணம் அதுதான்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். தியாகம். புத்தளத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஓலைக் கொட்டகைகளில் முகாம், ஓலைக் கொட்டகைகளில் பள்ளிக்கூடம். வந்த ஆசிரியர்களும் அகதிகள்தான். தாங்களே வீடில்லாமல் நின்றுகொண்டு பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்கள். அவர்களை மறக்க முடியாது, மறக்கவும் கூடாது. ஆனால் முப்பது வருஷத்துக்குப் பிறகும் ஒவ்வொரு ஆசிரியர் தின மேடையிலும் அந்தக் கொட்டகை டீச்சரையே அளவுகோலாகப் பிடித்து இன்றைய டீச்சரை அளக்கிறோம். அது யுத்த காலம். யுத்த காலத்து உழைப்பை வழக்கமான சம்பளத்துக்கு, வழக்கமான நாளில் கேட்கிறோம். பூச்செண்டு கொடுத்து, பொன்னாடை போர்த்தி, "தன்னலம் கருதாத" என்று வாசித்து முடித்ததும், அடுத்த நாள் லீவில் வகுப்பு வைக்க முடியாது என்று அவர் எப்படிச் சொல்வார்? எங்களுக்கு இப்போது அந்தப் பாராட்டுரைகள் கொஞ்சம் பயமாக இருக்கின்றன.

எதிர்க்கேள்வியும் ஊரில் உண்டு, அதை மறைக்கவில்லை. எங்களில் இரண்டு பேரின் வாப்பாமார் மீன்பிடிக்கிறவர்கள். "அவங்களுக்கு மாசச் சம்பளம், லீவு, ஓய்வூதியம். எங்களுக்கு என்ன லீவு? காத்து அடிச்சா லீவு, அந்த லீவுல பசி" என்று ஒரு வாப்பா சொன்னார். சரியான பேச்சு. நாங்கள் கெட்டித்தனமாக, "வலைக்கும் காயப் போட ஒரு நாள் வேணும்தானே வாப்பா" என்று ஒரு உவமையைப் போட்டோம். "அது பருத்தி வலை காலத்துல. இப்ப நைலோன். காயப் போடத் தேவையில்ல" என்று சொல்லிவிட்டு வெத்திலைப் பையைத் தேடினார். உவமை அதோடு செத்தது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார், காற்று அடிக்கிற நாளில் கடற்கரையில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து வலை பொத்துவோமே, அப்போது யாரும் வந்து மீன் கேட்கமாட்டார்கள் என்று. எங்களுக்கு வேண்டியது அதுதான். யாரும் மீன் கேட்காத நாள்.

அந்த உட்காருமிடமும் எல்லாருக்கும் ஒன்றல்ல. சேர்மாருக்குத் தேத்தண்ணிக் கடை வாங்கு இருக்கிறது, களப்புக் கரை இருக்கிறது, நோன்பில் பள்ளிவாசல் இருக்கிறது. லுஹருக்குப் பிறகு மின்விசிறிக்குக் கீழே தூணில் சாய்ந்து ஒரு கைலூலாத் தூக்கம் போடலாம், அது சுன்னத்தும்கூட. கடைசிப் பத்து நாள் இஃதிகாஃப் இருக்கலாம், அங்கே போய் யாரும் படிவம் கேட்பதில்லை. டீச்சர்மாருக்கு வீட்டுக்கு வெளியே அப்படி ஒரு இடம் எங்கள் ஊரில் எது என்று யோசித்துப் பார்த்தோம். கல்யாண வீடு, மையத்து வீடு, கிளினிக் வாங்கு. கிழமையில் ஒரு பின்னேரம் களப்போரம் நாலு டீச்சர்மார் போய் உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும் என்று எங்களுக்குத் தெரியும். அதைப் பேசுகிற வாய்களில் எங்கள் வீட்டு வாய்களும் உண்டு. கலா ஓயாக் கழிமுகத்துக் கண்டல் காட்டையும் வில்பத்துவையும் பார்க்க எங்கிருந்தோ வாகனம் பிடித்து ஆட்கள் வருகிறார்கள். பக்கத்திலேயே இருக்கிற எங்கள் டீச்சர் கடைசியாக எப்போது கங்கேவாடிப் பக்கம் போனார் என்று கேட்டோம். பாடசாலைச் சுற்றுலாவுக்கு, முப்பத்தெட்டுப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டு.

இனி நாங்கள் என்ன செய்தோம் என்ற கதை. பெரிய சாதனை எதுவும் எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்த நாள் காலையில் திரும்பவும் டீச்சர் வீட்டுக்குப் போய், செமினாரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் வரவேண்டாம் என்றோம். அவருக்கு முதலில் மனவருத்தம். நாங்கள் வேறு யாரையோ பிடித்துவிட்டோம், அவருடைய படிப்பித்தல் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டார். விளக்கிச் சொல்ல அரை மணித்தியாலம் போனது. ஒருவரை வேலையிலிருந்து விடுவிப்பதுகூட அவரை அவமதிப்பது போலப் படுகிற அளவுக்கு நாங்கள் எல்லாரும் பழகிவிட்டோம் என்பது அன்றுதான் விளங்கியது.

தமிழும் வரலாறும் நாங்கள் எடுத்தோம். கணிதத்துக்குத் தொழில்நுட்பப் பீடத்தில் படிக்கிற ஒரு நண்பன் புத்தளத்திலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்தான். யானைப் பயத்தில் இருட்டுமுன் ஓடிவிடுவான். முதல் நாள் 19 பிள்ளைகள், நாலாம் நாள் 11. பெற்றோர் சிலர் நேராகவே சொன்னார்கள்: டீச்சர் எடுத்தால் பிள்ளையை அனுப்புவோம், உங்களிடம் அனுப்பி என்ன பிரயோசனம். ஒரு மாமா, "டீச்சருக்கு லீவுலயும் சம்பளம் போகுதுதானே" என்றார். நாங்கள் பதில் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். ஜூலையில் பெறுபேறு வந்தபோது அதிசயமும் நடக்கவில்லை, எதுவும் இடிந்து விழவும் இல்லை. எப்போதும் போலத்தான். அதைப் பார்த்துத்தான் எங்களுக்கு ஒரு சந்தேகம்: லீவு செமினார்கள் பிள்ளைகளுக்காகவா, இல்லை நாங்கள் எல்லாம் ஏதோ செய்தோம் என்ற திருப்திக்காகவா?

அதற்குப் பிறகு சில விஷயங்களைச் சங்கத்தில் பேசி ஒத்துக்கொண்டோம். லீவின் முதல் பத்து நாள் எந்த ஆசிரியர் வீட்டுப் படியையும் மிதிப்பதில்லை. செமினார் வைத்தால் பல்கலைக்கழகப் பிள்ளைகள்தான் எடுக்க வேண்டும், ஆசிரியரைக் கேட்டால் காசு கொடுத்துக் கேட்க வேண்டும், அவர் மாட்டேன் என்றால் அதைப் போய் நாலு இடத்தில் சொல்லக்கூடாது. பெற்றோர் வாட்ஸப் குழுவை லீவில் மூடிவைக்கும்படி கேட்டோம். இரண்டு வகுப்புகள் மூடின, மற்றவை மூடவில்லை. பள்ளிவாசலில் காய்ச்சுகிற கஞ்சியை வாங்க எங்கள் வீடுகளில் ஆண்பிள்ளைகள் வாளியோடு போவது பழைய வழக்கம். இப்போது பக்கத்து டீச்சர் வீட்டு வாளியையும் சேர்த்து எடுக்கிறோம். கஞ்சி ஒன்று குறைந்தால் ஒரு மணித்தியாலம் மிச்சம். எங்கள் வீட்டுக் குசினிக்குள் நாங்கள் எத்தனை பேர் போகிறோம் என்ற கேள்வியை உம்மாமார் கேட்டார்கள். ஐந்து பேரில் இரண்டு பேர். அதில் ஒருவர் பெண்பிள்ளை, எனவே அவரைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டார்.

இதெல்லாம் எங்கள் கைக்கு எட்டுகிறவை. சம்பளமும், லீவில் விழுகிற பரீட்சைக் கடமையும், ஒரே தகவலை நாலு படிவத்தில் கேட்கிற மேலிடமும் எங்கள் கைக்கு எட்டாதவை. அதற்காக ஆசிரியர்கள் வீதியில் இறங்கும்போது, "பிள்ளைகளின் படிப்பு பாழாகிறது" என்று முகப்புத்தகத்தில் எழுதாமல் இருப்பதாவது எங்களால் முடியும். 2021இல் அப்படி எழுதியவர்கள் நாங்கள். அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தோம், கோபம். அந்தப் பதிவுகள் இன்னும் கிடக்கின்றன.

பெருநாளன்று ஸலாம் சொல்ல டீச்சர் வீட்டுக்குப் போனோம். வட்டிலப்பம் தந்தார். எங்களால் மிச்சமான அந்த நாட்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். முதல் இரண்டு நாளும் என்ன செய்வதென்றே தெரியாமல் அலுமாரி அடுக்கினாராம். மூன்றாம் நாள் லுஹர் தொழுதுவிட்டுப் படுத்தவர், அஸர் பாங்குக்குத்தான் எழும்பினாராம். பதறிப்போய் எழும்பி, யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று வீடு முழுக்கப் பார்த்தாராம். மகள் முற்றத்தில் தனியாகப் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தாளாம்.

சொல்லிச் சிரித்துவிட்டு, எங்கள் தட்டில் இன்னொரு துண்டு வைத்தபடி கேட்டார்: "அது சரி, அந்தப் பொடியன் வட்ட நாற்பக்கல் ஒழுங்கா விளங்கப்படுத்தினானா?"